தீசிஸ் ஸ்டாட்ஸை வெளியே கொடுக்கப் போகும் பி.ஜி.க்கள் கவனத்துக்கு

மருத்துவ மேற்படிப்பு (பி.ஜி.) மாணவர்கள் தீசிஸ் என்னும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரம் நெருங்குகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் ‘ஸ்டாட்ஸ் செய்து தரப்படும்’, அதாவது ஆய்வின் புள்ளியியல் கணக்கைப் போட்டுத் தருகிறோம் என்ற விளம்பரங்களும் வரத் தொடங்கிவிட்டன. அப்படி ஒரு நிறுவனத்திடம் 18 ஆயிரம் ரூபாய் கட்டி எனக்குக் கிடைத்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் போடவில்லை. போட்டாலும் அடுத்த வருடம் வேறு பெயரில் வருவார்கள்.

என் ஆய்வில் சிக்கல் ஒன்றும் கிடையாது. சர்க்கரை நோயாளிகள் 60 பேர். ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவை ஆரம்பத்திலும் மூன்று மாதம் கழித்தும் பார்த்தோம். நோயாளிகளின் பெயர், ஓ.பி. எண்ணை எல்லாம் எடுத்துவிட்டு எல்லா விவரமும் உள்ள மாஸ்டர் சார்ட் அட்டவணையை அனுப்பினேன். போனில் பேசியவர் முதலில் கேட்டது: “சிக்னிஃபிகன்ட்டா வரணுமா டாக்டர்?” வித்தியாசம் தற்செயலாக வந்ததாகத் தெரியாதபடி முடிவு வர வேண்டுமா என்று அர்த்தம். டேட்டாவில் என்ன இருக்கிறதோ அது வரட்டும் சார் என்றேன்.

வந்த ஃபைல் பார்க்க அழகாகத்தான் இருந்தது, கலர் கலராக பார் சார்ட். டேபிளுக்குள் போனால்தான் லட்சணம் தெரிந்தது. புகைப்பழக்கம் உள்ளவர்கள் 33.9 சதவீதமாம். 60 பேரில் 20 பேர் என்றால் 33.3, 21 பேர் என்றால் 35. நடுவில் எதுவும் வர வழியே இல்லை. ஒருவரின் விவரம் விடுபட்டு 59 பேருக்குக் கணக்குப் போட்டால் 33.9 வரும்தான், ஆனால் என் சார்ட்டில் அந்த வரிசையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. யாருடைய தீசிஸ் டேபிளோ என் ஃபைலில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட் அதைவிட மோசம். அதே ஆட்களின் முந்தைய அளவையும் பிந்தைய அளவையும் ஒப்பிடுகிறோம், அதனால் ஜோடி ஜோடியாகப் பார்க்கும் பேர்டு டி டெஸ்ட். அதில் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (ஆட்களின் எண்ணிக்கையை வைத்து வரும் ஒரு எண்) 60-இல் ஒன்று குறைந்து 59. அவர்கள் கொடுத்ததில் 118. அதாவது முதலில் ஒரு 60 பேர், அப்புறம் வேறு 60 பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! பி வேல்யூ (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) எல்லா வரியிலும் 0.000. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் பழைய பதிப்புகள் அப்படித்தான் காட்டும், சரி. அதை 0.001-க்கும் குறைவு என்று எழுத வேண்டும் என்பதுகூடவா காசு வாங்குகிறவருக்குத் தெரியாது?

மென்பொருள் போட்ட கணக்கு அப்படியே இருக்கும் அவுட்புட் ஃபைலைக் கேட்டேன். “அதெல்லாம் தர மாட்டோம், வேணும்னா தனியா ஆறாயிரம் ஆகும்.” தப்பைத் திருத்தித் தரச் சொன்னதற்கு, “உங்க டேட்டாவே சரியில்லை டாக்டர்.” அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. பணமும் போனது போனதுதான்.

இதே ஆட்களிடம் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் (எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று பார்க்கும் முறை) வேலை கொடுத்த தோழி ஒருத்தியின் ஜீன் பட்டியலில் ‘2-செப்’ என்று ஒரு ஜீன் இருந்தது. செப்ட்2 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லைக்காகவே அந்த ஜீனின் குறியீட்டையே செப்டின்2 என்று மாற்றினார்கள். பட்டியலை ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தாலே போதும்.

கடைசியில் எங்கள் கல்லூரி சமூக மருத்துவத் துறையின் புள்ளியியலாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஜமோவியில் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். இலவச மென்பொருள், டேட்டாவும் கணக்கும் ஒரே ஃபைலில் இருக்கும் என்பதால் எக்ஸாமினர் கேட்டால் திறந்து காட்டலாம். சில இடங்களில் சிக்னிஃபிகன்ட் வரவில்லை. அப்படியே எழுதச் சொன்னார் ஆய்வுக்கு வழிகாட்டும் கைட்.

வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அவுட்புட் ஃபைலும் சேர்த்துத் தருவோம் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஃபைல் கைக்கு வந்ததும் சதவீதங்களை உங்கள் மாஸ்டர் சார்ட்டோடு வைத்து ஒருமுறை கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், மீதிப் பணத்தை அப்புறம் கொடுக்கலாம்.