ரெயிலா, பக்-கா, பந்தா: புது பிக்கப்புக்கு ஃபிஃப்த் வீல் ஹிட்ச் தேடிய கதை

சென்னைத் துறைமுகச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்வண்டியின் முதுகில் ஒரு வட்ட இரும்புத் தட்டு, அதன் நடுவில் பின்வண்டியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் என்ற இரும்பு முளையைக் கவ்விக்கொள்ளும் தாடை. அதுதான் ஃபிஃப்த் வீல். அமெரிக்காவில் இதன் சின்ன உருவத்தை, அதாவது ஹிட்ச்சை, பிக்கப் ட்ரக்கின் பெட்டுக்குள் (பின்னால் உள்ள திறந்த சரக்குத் தொட்டி) பொருத்தி, படுக்கையறை, அடுப்படி எல்லாம் உள்ள ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். டெக்சாஸில் குடியிருக்கும் நானும் போன வருடம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன்.

ஹிட்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது "20,000 பவுண்டு இழுக்கும்" என்ற எண்ணை. அதைப் பார்த்து ஒரு பயனும் இல்லை. சந்தையில் இருக்கும் எல்லா ஹிட்சும் நம் ட்ரெய்லருக்குத் தேவையானதைவிட அதிகமாகவே தாங்கும். பார்க்க வேண்டியது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சள் பட்டை ஸ்டிக்கர். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும். ட்ரெய்லர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிங்பின் வழியாக பெட்டில் இறங்குகிறது. என் ட்ரெய்லர் நிறைந்தால் 12,000 பவுண்டு, எனவே கிங்பின் வழியாக இறங்குவது 2,400. குடும்பத்தில் நான்கு பேர், ஒரு 600. ஹிட்ச் தனி. முதலில் ஆசைப்பட்ட ஃபோர்டு எஃப்-250 டீசலின் ஸ்டிக்கர் 2,300-ஐக்கூடத் தொடவில்லை. ஆட்கள் ஏறும் முன்பே கணக்கு இடித்தது. இன்னும் அதிகம் சுமக்கும் எஃப்-350க்கு மாறினேன். இந்தக் கணக்கை முடிக்காமல் ஹிட்ச் தேடுவது, வீடு கட்டும் முன் திரைச்சீலை வாங்குவது மாதிரி.

சரி, ட்ரக் முடிந்தது. அடுத்து, பெட்டின் தரையில் எதைப் பொருத்துவது?

பழைய வழி ரெயில். பெட்டில் துளை போட்டு, அடியில் சேஸிஸோடு போல்ட் போட்டு, குறுக்கே இரண்டு இரும்புச் சட்டங்களை முடுக்குவார்கள். எந்தக் கம்பெனி ஹிட்ச்சும் அதில் உட்காரும், விலையும் குறைவு. ஆனால் ஹிட்ச்சைக் கழற்றிய பிறகும் சட்டங்கள் அங்கேயேதான் இருக்கும். மண் அள்ளிப் போட்டால் மண்வெட்டி அதில் போய் முட்டும், ப்ளைவுட் ஷீட் சமமாகப் படுக்காது. புது ட்ரக்கில் துளை போட எனக்கு மனம் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு வழி, ட்ரக்கை ஆர்டர் செய்யும்போதே கம்பெனியின் டோயிங் தயாரிப்பு பேக்கேஜைச் சேர்த்துவிடுவது. பெட்டின் நான்கு இடங்களில் ஹிட்ச்சின் கால்கள் பூட்டிக்கொள்ள பக் எனப்படும் வட்டக் குழிகள், நடுவில் கூஸ்நெக் பந்துக்கு (ட்ரெய்லரைப் பூட்டும் இரும்பு உருண்டை) ஒரு துளை, பெட்டின் பக்கச் சுவரிலேயே ட்ரெய்லரின் விளக்குக்கும் ப்ரேக்குக்கும் மின்சாரம் தரும் 7 பின் ப்ளக். ஃபோர்டு, ராம், ஜிஎம் மூன்றிலும் கிடைக்கிறது. சில நூறு டாலர்தான். புது ட்ரக் வாங்குகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வண்டி கைக்கு வந்தபிறகு சேர்க்கப் போனால் கூலியே கடிக்கும்.

இனி அதன்மேல் வைக்கும் ஹிட்ச். எனக்குக் கடைசிவரை போட்டி இரண்டுக்குத்தான்: பி அண்ட் டபிள்யூ கம்பானியன், ஆண்டர்சன் அல்டிமேட்.

ஆண்டர்சன் அலுமினியம். பெட்டில் வைக்கும் பகுதி 40 பவுண்டுகூட இல்லை; ஒரு கையால் தூக்கி கராஜ் சுவரில் சாய்த்துவிடலாம். இதில் தாடை கிடையாது, பந்துதான். ட்ரெய்லரின் கிங்பின்னில் ஒரு இரும்பு அடாப்டரை இறுக்கமாக முடுக்கிவிட்டு, அதைப் பந்தின்மேல் இறக்க வேண்டும். ஓட்டும்போது வரும் முன்பின் ஆட்டம் குறைவு என்று வைத்திருப்பவர்கள் சத்தியம் செய்கிறார்கள். கம்பானியன் கனத்த இரும்பு, அதைவிடப் பல மடங்கு எடை. இரண்டு துண்டாகக் கழன்றாலும் ஒவ்வொன்றுக்கும் முதுகு பதில் சொல்ல வேண்டும்.

எடையைக் காட்டித்தான் ஆண்டர்சனை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் மேலே போட்ட கணக்கில் அந்த எடை மிச்சப்பட்டு எஃப்-250 தப்பித்திருக்குமா? இல்லை. அந்த எடைக்குறைவு ட்ரக்குக்கு அல்ல, நம் இடுப்புக்கு. ட்ரக்கைத் தினமும் வேலைக்கு எடுத்துப்போய், வார இறுதியில் மட்டும் தனியாளாக ஹிட்ச்சை ஏற்றி இறக்குகிறவருக்கு ஆண்டர்சனே சரி.

நான் கம்பானியனை எடுத்ததற்குக் காரணம் அதன் தாடை. ரிவர்ஸில் மெல்லப் போனால் கிங்பின் உள்ளே நுழைந்து 'டக்' என்று பூட்டும். டார்ச் அடித்து எட்டிப் பார்த்தால் ஹிட்ச்சின் தட்டும் ட்ரெய்லரின் தட்டும் ஒட்டி நிற்பது தெரியும், இடையில் வெளிச்சம் தெரிந்தால் ஏதோ தப்பு. ட்ரெய்லர் சற்று உயரமாக நின்றால் கிங்பின் தாடைக்குள் இறங்காமல் மேலேயே தொற்றிக்கொண்டு நிற்கும். அப்படியே கிளம்பினால் ட்ரெய்லரின் மூக்கு பெட்டின் சுவர்மேல் விழும். அதனால் ட்ரெய்லரின் கால்களைத் தூக்கும் முன்பே, அதன் ப்ரேக்கை மட்டும் ட்ரக்குக்குள் இருக்கும் கைக் கன்ட்ரோலால் பிடித்துக்கொண்டு ட்ரக்கை லேசாக முன்னே இழுத்துப் பார்ப்பேன். அப்புறம் சப்பாத்தி மாவில் எண்ணெய் விட்டது போல தட்டில் கிரீஸ் தடவும் வேலை ஒன்று இருக்கிறது. சட்டை கெடும். ஆண்டர்சன்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆண்டர்சனின் அடாப்டர் விஷயத்தில் இன்னொன்று. ட்ரெய்லரை வேறொருவர் இழுத்துப்போக வேண்டி வந்தால், ரிப்பேர் கடைக்கு என்று வையுங்கள், அவருடைய ஹிட்ச் தாடை வகையாக இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

கடைசியாக ஸ்லைடர், அதாவது திருப்பத்துக்காகப் பின்னுக்கு நகரும் ஹிட்ச். 8 அடி பெட் என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு வேண்டாம். குட்டி பெட்டில் பின் அச்சின் நடுவிலிருந்து கேபின் வரை ஏறக்குறைய 40 அங்குலம்தான். ட்ரெய்லரின் அகலத்தில் பாதியே 48 முதல் 51 அங்குலம். கூர்மையாக ஒடித்தால் மூலை கேபினின் பின்கண்ணாடியைத் தேடி வரும். நண்பர் ஒருவருக்குக் கேம்ப்கிரவுண்டில் அது நடந்தது. ரிவர்ஸ் போட்டு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியிருக்கிறார், கண்ணாடி தூள். திருப்பத்தில் தானே பின்னுக்கு நகரும் ஸ்லைடர்கள் உண்டு, புல்ரைட் சூப்பர்கிளைடு மாதிரி. நன்றாகத்தான் வேலை செய்கின்றன. ஆனால் கனமும் விலையும் அதிகம். என் ட்ரெய்லரின் முன்மூலைகள் உருட்டி வெட்டப்பட்டவை என்பதால் நான் ஸ்லைடர் வாங்கவில்லை. மாறாக, காலி பார்க்கிங் ஒன்றில் மனைவியைப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் இடைவெளியை டேப்பால் அளந்தேன். நாலு விரல் இடைவெளி மட்டும் மிஞ்சும் கோணத்தில் ட்ரெய்லரின் விளிம்பு பக்கக் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ, அங்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறேன். இன்னும் அப்படியே இருக்கிறது.