அம்மாவின் பைபிளுக்குப் புது பைண்டிங்
அம்மா போன பிறகு அவர் பைபிளைத் தொட்டாலே தாள் கழன்று வந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன பைண்டிங் கடையில் கொடுத்தேன். பழைய பசையைச் சுரண்டி, மடிப்பு மடிப்பாக நூல் தைத்து, கறுப்பு ரெக்சின் அட்டை போட்டார்கள். ஓரத்தை மட்டும் வெட்டாதீங்க ஐயா என்று கெஞ்சியிருந்தேன், ஏனென்றால் யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அம்மா பென்சிலில் எழுதியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது, மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுப்பதாகத் தொடங்கும் 121ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில் ‘ஏற்காடு மலை’ என்றுகூட (மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டேதான் அந்தச் சங்கீதத்தைச் சொல்வார்). ஒரு எழுத்தும் போகவில்லை. அட்டையில் தங்க எழுத்து கொஞ்சம் கோணல். சொன்ன தேதிக்கும் தரமாட்டார்கள், அவசரமென்றால் வேறு கடை பாருங்கள்.