ஐடென்டிட்டி காலம் (column) உள்ள டேபிள் காப்பி: பழைய ஐடியை வச்சுக்கலாமா, புதுசு வாங்கலாமா?

எஸ்கியூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ்ல ரெண்டு டேபிள்லயும் ஐடென்டிட்டி காலம், அதாவது ஒவ்வொரு ரோவுக்கும் தானா நம்பர் போடுற காலம் இருக்கு, ஒண்ணுல இருக்குற ரோவை இன்னொண்ணுக்கு மாத்தணும்னு 'செலக்ட் ஸ்டார்' போட்டு இன்சர்ட் பண்ணீங்கன்னா எரர்தான் வரும். வழி ரெண்டு இருக்கு: பழைய ஐடியை அப்படியே கொண்டு போறது, இல்லன்னா அந்தக் காலத்தை மட்டும் விட்டுட்டு புது நம்பர் வாங்கிக்கிறது.

பழைய ஐடியே வேணும்னா, நம்பரை நாமளே கொடுக்க விடுற ஐடென்டிட்டி_இன்சர்ட்ங்கற செட்டிங்கை ஆன் பண்ணணும், காலம் பேரெல்லாம் கையால எழுதணும், டேபிள் மேல ஆல்டர் பெர்மிஷன் வேணும், அதுவும் ஒரு செஷன்ல (டேட்டாபேஸோட ஒரு கனெக்ஷன்ல) ஒரு நேரத்துல ஒரு டேபிளுக்குத்தான் ஆன்ல இருக்கும்ங்கறதால ஒண்ணை ஆஃப் பண்ணிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். சள்ளைதான், ஆனா இந்த ஐடியைக் குறிச்சு வச்சிருக்குற சைல்டு டேபிள் எதையும் தொட வேண்டியதில்ல. பெரிய ஐடி உள்ள போனா, அடுத்த நம்பர் எதுன்னு வச்சிருக்குற கவுன்டரும் தானா ஏறிக்கும். போஸ்ட்கிரெஸ்ங்கற இன்னொரு டேட்டாபேஸ்ல அப்படி ஏறாது, 'ஓவர்ரைடிங் சிஸ்டம் வேல்யூ' போட்டு ரோவை ஏத்தினப்புறம் செட்வால்ங்கற ஃபங்ஷன் வச்சு சீக்வென்ஸை (அங்க கவுன்டருக்குப் பேரு அதுதான்) நாமதான் தள்ளி விடணும், மறந்தா அடுத்து வர்ற இன்சர்ட் டூப்ளிகேட் கீன்னு விழும்.

போற டேபிள் காலியா இருந்தா நான் யோசிக்காம பழைய ஐடியைக் கொண்டு போற இந்த வழியைத்தான் எடுப்பேன்.

ஏற்கனவே ரோ இருக்குன்னா ஐடி மோதும், அப்ப புது நம்பர்தான். இங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும். உதாரணத்துக்கு, பழைய டேபிள்ல இருந்த ஆர்டர் 57 புது டேபிளுக்கு வந்து 1042 ஆயிடுச்சு, ஆனா அதோட ஐட்டம் ரோவெல்லாம் இன்னும் 57னே சொல்லுது, புது டேபிள்ல 57 வேற கஸ்டமரோட ஆர்டர். சொல்ற ஐடி நிஜமா இருக்கான்னு பாக்குற ஃபாரின் கீ ஒரு வார்த்தை பேசாது, ஏன்னா 57னு ஒண்ணு நிஜமாவே அங்க இருக்கு! ஒருத்தர் வாங்கின சாமான் இன்னொருத்தர் பில்லுல ஏறிடும்.

அதனால பழசு எது புதுசு எதுன்னு மேப்பிங் கட்டாயம். சாதாரண இன்சர்ட்டோட அவுட்புட்ல (சேர்ந்த ரோவைத் திருப்பிக் காட்டுற பகுதி) சோர்ஸ் டேபிளோட ஐடியை எடுக்க முடியாது, எஸ்கியூஎல் சர்வர் 2008 வெர்ஷன்ல வந்த மெர்ஜ் கமாண்ட்ல எதுவும் பொருந்தாத மாதிரி '1 = 0'னு கண்டிஷன் போட்டா எல்லா ரோவும் புதுசா இன்சர்ட் ஆகும், பழைய ஐடி புது ஐடி ரெண்டும் சேர்ந்தே கிடைக்கும். என்னைக் கேட்டா போற டேபிள்லயே பழைய ஐடிக்குன்னு ஒரு காலம் சேர்த்துடுங்க, பின்னாடி யாராவது கணக்கு ஒத்துப் பாக்கணும்னாலும் கண்ணு முன்னாடியே இருக்கும். ரெண்டு பக்கமும் வரிசையா எண்ணி ஜோடி சேர்க்குறது மட்டும் வேணவே வேணாம், நடுவுல வேற ஒரு இன்சர்ட் புகுந்தா அதுக்கப்புறம் வர்ற ஜோடியெல்லாம் தப்பு.