மூட்டைப்பூச்சி இருப்பது தெரிந்தே கட்டில் கொடுத்தார்கள்

குறைந்த செலவில் ஊர் சுற்றுபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஹாஸ்டலில் தங்குவதைக் குறை சொல்ல வரவில்லை. எட்டுப் பேர் படுக்கும் அறை, பொதுக் குளியலறை, பக்கத்துக் கட்டிலில் குறட்டை, எல்லாம் தெரிந்துதான் போகிறோம். நான் அண்மையில் தங்கிய விடுதி செய்தது அந்தக் கணக்கில் சேராது.

உள்ளே நுழைந்ததுமே முழுப் பணமும் ரொக்கமாக வேண்டும் என்றார்கள். அதற்கு மேல் ஒரு முன்பணம். பாஸ்போர்ட்டையும் வாங்கி மேசை இழுப்பறையில் பூட்டிக்கொண்டார்கள். அன்று இரவே கழுத்திலும் கையிலும் அரிப்பு. போன் வெளிச்சத்தில் மெத்தையின் தையலைப் பிரித்துப் பார்த்தால் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், நடுவே நகரும் பூச்சிகள். கீழே போய்ச் சொன்னேன். "கொசுவா இருக்கும்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் வந்தது. அப்புறம் அதே அறையில் வேறு கட்டிலுக்கு மாறச் சொன்னார்கள்.

மேல் கட்டிலில் இருந்த பெண் அப்போதுதான் சொன்னார், அதற்கு முன் நான் படுத்த கட்டிலில் அவர்தான் படுத்திருந்தாராம். அவரிடமும் கொசு என்றே சொல்லி மாற்றியிருக்கிறார்கள். ஆக, தெரிந்தேதான் அடுத்த ஆளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்.

காலையில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பூச்சி என் பையில் வந்ததாகச் சொன்னார்கள். விரிப்பில் ரத்தக் கறை என்று முன்பணத்திலும் பிடித்துக்கொண்டார்கள். கறை எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாதா? இழுப்பறையில் பாஸ்போர்ட் இருக்கும்போது எவ்வளவு நேரம் வாதாட முடியும்!

தங்குபவரின் விவரங்களைப் பதிவு செய்வது பல நாடுகளில் கட்டாயம். அதற்கு நகல் எடுத்தால் போதும், பாஸ்போர்ட்டையே வாங்கி வைக்க வேண்டியதில்லை. கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். முடிந்தவரை கார்டில் கட்டுங்கள், பிறகு வங்கியில் முறையிட வழியிருக்கும்.

கட்டிலைச் சோதிக்கும்வரை பையைக் குளியலறைத் தரையில் வையுங்கள். விரிப்பை நீக்கி மெத்தையின் நான்கு மூலைகள், தையல் ஓரம், கட்டில் சட்டம் சேரும் இடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். பேனா மை தொட்டதுபோன்ற கறுப்புப் புள்ளி அதன் எச்சம். ஒரு கட்டிலில் கண்டால் அதே அறையில் இன்னொன்றுக்கு மாறிப் பயனில்லை, இடுக்கு வழியாக அது எங்கும் போகும். சிலருக்குக் கடித்த தடம் தெரியவே பல நாள் ஆகும், அதனால் உடம்பில் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்தப் பூச்சி நோய் பரப்புவதாக இதுவரை தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு, தீனி இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். திரும்பியதும் பையை உள்ளறைக்குக் கொண்டுபோகாமல் துணிகளை 60 டிகிரி சூட்டில் துவைத்துவிடுங்கள்.

முன்பதிவு செய்யும்போது மொத்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். அண்மைய கருத்துகளை மட்டும் வரிசைப்படுத்தி, பூச்சி, கடி, அரிப்பு என்று தேடிப் பாருங்கள். நான் தங்கிய இடத்தைப் பற்றி ஏற்கெனவே ஒருவர் எழுதியிருந்தார், பழைய பாராட்டுகளுக்கு அடியில் அது புதைந்து கிடந்தது. பூச்சியைக் கண்டால் படமெடுத்து, அறையைக் காலி செய்யும் முன்பே முன்பதிவுத் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.