இருபதாயிரமா, இரண்டு லட்சமா? ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்கும் முன்

புக்‌ஷெல்ஃப் (அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்) ஜோடி 20,000 ரூபாய். தரையில் நிற்கும் இடுப்பளவு டவர் ஜோடி 2 லட்சம். பத்து மடங்கு காசுக்குப் பத்து மடங்கு இசை வருமா? வராது.

பேஸ் (அடி ஒலி): சின்னதில் 5 அங்குல ஊஃபர் (அடி ஒலி தரும் கூம்பு), சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலிந்துவிடும். நல்ல டவர் 40-ஐத் தொடும்; எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் வித்தியாசம் நிஜம்தான்.

இடம்: டவரைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் குமுறும். பத்துக்குப் பத்து அறையில் அது தண்டச் செலவு. சின்னதைக் காது உயரத்துக்கு ஸ்டாண்டில் ஏற்றினால் போதும்.

உழைப்பு: விலையை விடுங்கள், கூம்பின் விளிம்பைப் பாருங்கள். ஃபோம் 15, 20 ஆண்டில் உதிரும், ரப்பர் தாங்கும்.

தெளிவு: இங்கேதான் கண் ஏமாற்றும். 1994-ல் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவ் சோதித்தபோது, ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டவர்கள் பெரியவற்றுக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டார்கள். திரைக்குப் பின்னால் மறைத்ததும் மலிவான சின்ன செட் முன்னேறியது. கடையில் கண்ணை மூடிக் கேளுங்கள் (விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்).

வாடகை வீடு, சின்ன அறை என்றால் புக்‌ஷெல்ஃப்தான். மிச்சக் காசில் நல்ல ஆம்ப்ளிஃபயர். பெரிய ஹாலும் சண்டைக்கு வராத பக்கத்து வீட்டாரும் அமைந்தவர்களுக்கு டவர்.