ஜேஎம்பி-1க்குத் துணையாக ஒரு வால்வு பவர் ஆம்ப்: ராயபுரத்தில் ஏழு வருடம்

கிட்டாரின் சிக்னலுக்குக் குணம் கொடுப்பது ப்ரீஆம்ப், அதை ஸ்பீக்கரை ஓட்டும் அளவுக்குப் பெருக்குவது பவர் ஆம்ப். ப்ரீஆம்ப் வாங்கியாயிற்று, பவர் ஆம்ப் எது வாங்கலாம் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை வாட்? நானும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். இப்போது யாராவது கேட்டால், எங்கே வாசிக்கப் போகிறீர்கள், என்ன ஸ்பீக்கர், உங்கள் தெருவில் கரண்ட் எப்படி என்று மூன்று கேள்விகள் திருப்பிக் கேட்கிறேன். ஏழு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது முழுக்க இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

என் ப்ரீஆம்ப் மார்ஷல் ஜேஎம்பி-1. 1992இல் வந்த மாடல். உள்ளே ஈசிசி83 என்ற வகையில் இரண்டு வால்வுகள் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்), நூறு பேட்ச், அதாவது நாம் அமைத்த நூறு விதச் சத்தங்களைச் சேமிக்கலாம், காலால் மிடி பெடலை மிதித்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். லைட் மியூசிக் மேடையில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அரை நிமிடம்கூடக் கிடைக்காது. அங்கே இது பெரிய வரம். 2017 கடைசியில் பழையதாக வாங்கினேன். பவர் ஆம்ப் இல்லாமல் நேராக மைக்செட் மிக்ஸரில் மாட்டினேன். பின்பக்கம் ஸ்பீக்கர் எமுலேஷன், அதாவது ஸ்பீக்கரின் குணத்தை மின்சுற்றிலேயே போலச் செய்யும் வசதி உள்ள அவுட்புட் தனியாக இருப்பதால் அது முடிந்தது. கேட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கம்பியை அழுத்தினால் திரும்பி வர வேண்டிய ஒன்று வரவில்லை. மானிட்டரில் என் கிட்டாரை வேறு யாரோ வாசிப்பது போலவே இருந்தது.

அப்புறம் மைக்செட் அண்ணனிடம் இருந்த ஒரு டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பை இரவல் வாங்கி, 12 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு உள்ள என் கேபினெட்டை அதில் மாட்டிப் பார்த்தேன். சத்தம் தாராளமாக வந்தது. ஆனால் விறைப்பாக இருந்தது. கீழ்க் கம்பிகள் மேசையைத் தட்டுவது போல் 'டக்' என்று நின்றுவிட்டன. ப்ரீஆம்ப்பில் பேஸை ஏற்றினேன், ட்ரெபிளை இறக்கினேன், எதுவும் உதவவில்லை.

இதற்குக் காரணம் புரிய எனக்கு நாளாயிற்று. ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருக்கும். ஆனால் அது எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓம் இல்லை. 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓர் இடத்தில் தாமாகவே அதிர ஆரம்பிக்கும். அந்த இடத்தில் அதன் எதிர்ப்பு 8 ஓமைப் போல பல மடங்கு ஏறிவிடும். மேலே ட்ரெபிள் பக்கமும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பியைச் சும்மா மீட்டினால் 82 ஹெர்ட்ஸ், அதாவது ஸ்பீக்கர் துள்ளும் அதே இடம். டிரான்சிஸ்டர் ஆம்ப் அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ளாமல் எல்லா இடத்திலும் ஒரே வோல்டேஜைக் கொடுக்கும், கோனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வால்வு ஆம்ப்பின் பிடி அவ்வளவு இறுக்கம் இல்லை. எதிர்ப்பு ஏறுகிற இடத்தில் வோல்டேஜும் கூட ஏறும். அதனால் கீழ்க் கம்பி ஊதிப் பெருத்து நிற்கும், மேலே ஒரு பளபளப்பு வரும். இதை ப்ரீஆம்ப்பின் குமிழ்களால் செய்ய முடியாது. ப்ரீஆம்ப்பில்தானே வால்வு இருக்கிறது, பவர் ஆம்ப்பில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

சரி, வால்வுதான் என்று முடிவான பிறகு பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிள் தன்னிடம் இருந்த மார்ஷல் ஈஎல்34 50/50ஐ (ஈஎல்34 என்ற பெரிய வால்வுகள், இடது வலது என்று பக்கத்துக்கு 50 வாட்) இரண்டு மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடன விழாக்களில் வாசித்த மனிதர். "சும்மா ரூம்ல வச்சுக் கேக்காத மேன், ஸ்டேஜ்ல வச்சுக் கேளு" என்றார். தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துக் கேட்டேன். தடித்த கம்பிகளில் இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து (பவர் கார்டு என்பார்கள்) அடித்து நிறுத்தினால் நெஞ்சில் வந்து விழுந்தது. அந்த ஒரு மாலையை இன்னும் மறக்கவில்லை. பெரிய மேடைதான் உங்கள் வேலை என்றால் ஈஎல்34 வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் என் வேலை அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயர், மாதம் இரண்டு மூன்று மண்டபம், மற்ற நாள் வீட்டு மாடி அறை. சர்ச்சில் வால்யூமை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வைத்தாலே பாடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்தில் மைக்செட் அண்ணன் மேடைக்கே வந்து, "தம்பி, உன் பொட்டியில இருந்தே ஹால் முழுக்கக் கேக்குது, நான் என்னத்த மிக்ஸ் பண்றது?" என்றார். அவர் சொன்னது நியாயம். அவ்வளவு தணித்து வாசிக்கும்போது பவர் வால்வுகள் விழித்துக்கொள்வதே இல்லை. காசு கொடுத்து வாங்குகிற குணத்தில் பாதி உள்ளேயே தூங்கும்.

வாட் கணக்கு பலரை ஏமாற்றும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதில் வித்தியாசம் 3 டெசிபல்தான். 20க்கும் 50க்கும் சுமார் 4 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபலை ஸ்பீக்கரை மாற்றியே வாங்கிவிடலாம். செலஸ்டியன் விண்டேஜ் 30 மாதிரி 100 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரும், 97 டெசிபல் உள்ள ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், முதலாவது ஆம்ப்பின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். ஆம்ப்புக்கு முன்னால் ஸ்பீக்கரைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

2018இல் பெங்களூரில் ஒருவரிடமிருந்து மார்ஷல் ஈஎல்84 20/20 கிடைத்தது. பக்கத்துக்கு 20 வாட், மொத்தம் நான்கு ஈஎல்84. தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறலாம். முதல் நாளே தெரிந்துவிட்டது, இது என் பெட்டி என்று. ஈஎல்34 போல நெஞ்சில் அடிக்காது. நடு ஸ்வரங்கள் முன்னால் வந்து நிற்கும், கொஞ்சம் அழுத்தி வாசித்தால் இனிமையாக நசுங்கும். மண்டபத்தில் வால்யூம் ஐந்து, ஆறு வரை போகிறேன், அங்கேதான் அது பாடுகிறது. கேபினெட் முன்னால் ஒரு மைக் வைத்தால் மிச்சத்தை மிக்ஸர் பார்த்துக்கொள்ளும். க்ளீன் சத்தத்துக்கு மட்டும் ஒரு குறை உண்டு: டிரம்ஸ் பலமாக அடிக்கும் ஆள் இருந்தால், உடையாத சுத்தமான சத்தத்துக்கு 20 வாட் இழுத்துப் பிடித்தாற்போல்தான் வரும். க்ளீன் முக்கியம் என்பவர்களுக்கு 6எல்6 வால்வு உள்ள 50 வாட் பெட்டிதான் பொருத்தம்.

ப்ரீஆம்ப்போடு இணைப்பதில் இரண்டு தப்பு செய்தேன். முதல் மாதம் எமுலேஷன் அவுட்டையே பவர் ஆம்ப்பில் மாட்டியிருந்தேன். ஸ்பீக்கரின் வடிகட்டல் ஒருமுறை மின்சுற்றில், இன்னொருமுறை நிஜ ஸ்பீக்கரில். போர்வை போர்த்தியது போல் மந்தமாக இருந்தது, நான் வால்வைச் சந்தேகப்பட்டேன். எமுலேஷன் இல்லாத சாதாரண மாஸ்டர் அவுட்தான் பவர் ஆம்ப்புக்கு. இன்னொன்று, ப்ரீஆம்ப்பின் வால்யூமை மிகவும் குறைத்து பவர் ஆம்ப்பை முழுக்கத் திறந்து வைத்தது. இரைச்சல்தான் கூடியது. ப்ரீஆம்ப் நல்ல பலமான சிக்னலைக் கொடுக்க வேண்டும், அறைக்குத் தக்கபடி பவர் ஆம்ப்பில் அடக்க வேண்டும். பேட்ச் ஒவ்வொன்றின் வால்யூமையும் வீட்டில் சரிசெய்தது மண்டபத்தில் பொருந்தாது. மேடையில் ஒருமுறை வைத்துத்தான் சேமிக்க வேண்டும்.

இப்போது எங்கள் பகுதிக்கே உரிய விஷயம். என் வீட்டிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடை தூரம். உப்புக் காற்று எதையும் விடாது. வருடத்துக்கு இரண்டு தடவை வால்வு பின்கள் கறுத்து, சாக்கெட்டில் கரகரப்பு வரும். ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய கான்டாக்ட் க்ளீனரைப் பின்களில் தடவி, வால்வை நாலைந்து தடவை செருகி எடுப்பேன். அவ்வளவுதான் என் எல்லை. சேஸிஸின் அடியைத் திறக்க மாட்டேன். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் தங்கியிருக்கும். அதற்கு வண்ணாரப்பேட்டையில் வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய ஓர் ஐயா இருக்கிறார். கிட்டார் ஆம்ப்பை அவர் முன்பின் பார்த்ததில்லை. சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, "ரேடியோதாம்ப்பா இது, கொஞ்சம் கோவக்காரன்" என்றார். நல்ல டெக்னீஷியன் கிடைக்கவில்லையே என்று தவிப்பவர்கள் பழைய ரேடியோ மெக்கானிக்குகளைத் தேடிப் பாருங்கள்.

கரண்ட் இன்னொரு கதை. எங்கள் தெருவில் கோடைக்கால ராத்திரியில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 195 வோல்ட், விடியற்காலையில் 250. வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழையான ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும், பத்து சதவீதம் முன்பின் தாங்கும். 195இல் அது 5.3க்கு இறங்கிவிடும், 250இல் 6.8ஐத் தாண்டும், கூடவே ஆனோட், அதாவது வால்வுக்குள் இருக்கும் உயர் வோல்டேஜ் தகட்டின் வோல்டேஜும் ஏறும். ஈஎல்84 சின்ன வால்வு, ஆனோட் தாங்குவது 12 வாட்தான். 2021இல் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு செட் வாங்கிப் போட்டேன். நான்காம் மாதம் ஒன்றின் ஆனோட் தகடு செக்கச்செவேலென்று சிவந்து எரிந்தது. உடனே அணைத்ததால் டிரான்ஸ்ஃபார்மர் தப்பியது. அதற்கப்புறம் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஆன் செய்வதில்லை, ஜோடி பொருத்திய வால்வுகளைத்தான் வாங்குகிறேன். மண்டபத்தில் ஜெனரேட்டர் மாறும் நேரத்தில் ஸ்டாண்ட்பையில் (முழுக்க அணைக்காமல் சத்தத்தை மட்டும் நிறுத்திவைக்கும் சுவிட்ச்) போட்டுவிடுவேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு போட்ட செட் நான்காவது வருடமாக ஓடுகிறது.

வெயில் காலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு ஈஎல்34க்கு ஹீட்டர் மட்டுமே 38 வாட் எரிக்கும், ஈஎல்84 நான்குக்கு 19. ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதற்கு முன்பே எரிகிற சூடு இது. மே மாதம் சின்ன ஜன்னல் உள்ள அறையில் இந்த வித்தியாசம் உடம்பில் தெரியும். ரேக்கில் ஆம்ப்புக்கு மேலே ஓர் இடம் காலியாக விட்டு, ப்ரீஆம்ப்பைக் கீழே வைத்திருக்கிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கீழ் வீடு வரை தண்ணீர் வந்தது. ரேக் பரணில் இருந்ததால் நனையவில்லை. ஆனாலும் ஈரம் போக இரண்டு வாரம் ஆன் செய்யாமல் வைத்திருந்தேன்.

வாசிக்கும்போது ஸ்பீக்கர் ஒயர் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும்விட முக்கியம். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு பவர் ஆம்ப் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும், அதற்கு மாற்று இங்கே எளிதில் கிடைக்காது. ஒரு பக்கம் மட்டும் வாசித்தாலும் இன்னொரு பக்கத்திலும் ஸ்பீக்கரை மாட்டியே வைத்திருப்பேன். கிட்டாரை மாட்டும் மெல்லிய ஒயரையே ஸ்பீக்கருக்கும் போடாதீர்கள், தடித்த ஸ்பீக்கர் ஒயர்தான் வேண்டும்.

இவ்வளவு பராமரிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு செய்மர் டங்கன் பவர்ஸ்டேஜ் 170 போல கையில் அடங்கும் டிரான்சிஸ்டர் பெட்டிகள் இருக்கின்றன. அந்த 170 வாட் 4 ஓமில் கிடைப்பது, 8 ஓம் கேபினெட்டில் குறையும். பையில் போட்டு பஸ்ஸில் போகலாம். வாரம் நான்கு மேடை வாசிக்கும் நண்பன் அதைத்தான் வைத்திருக்கிறான், அவனுக்கு அது சரி. நான் ஒருமுறை ஞாயிறு ஆராதனைக்கு அதை வாங்கி வாசித்துப் பார்த்தேன். அடுத்த வாரம் ஈஎல்84ஐத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன்.

பழையது வாங்கப் போகிறவர்கள் பின்பக்கம் 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 120 வோல்ட் பெட்டி என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் ப்ரீஆம்ப்பையும் கேபினெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கொடுக்கிறவர் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அரை மணி நேரம் நீங்கள் நிஜமாக வாசிக்கும் சத்தத்தில் வாசியுங்கள். ஏதாவது ஆனோட் சிவக்கிறதா என்று இருட்டில்தான் தெரியும்.