பென்டிரைவில் போன டிசைன் ஃபைல்களுக்கு ஃபோட்டோரெக்: என் மதிப்பெண் 5க்கு 4

'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும் பென்டிரைவோடு எங்கள் பிரிண்டிங் கடைக்கு யார் வந்தாலும், எதையும் அழுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் ஓட்டுவது, தொலைந்த ஃபைல்களைத் தோண்டி எடுக்கும் ஃபோட்டோரெக் சாஃப்ட்வேர்தான். டெஸ்ட்டிஸ்க் என்ற டிஸ்க் மீட்பு சாஃப்ட்வேரோடு சேர்ந்தே இறங்கும், காசு கிடையாது, இன்ஸ்டால்கூட வேண்டாம், ஜிப்பைப் பிரித்தால் போதும். பெயரில் போட்டோ இருந்தாலும் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் ஃபைல்), பிடிஎஃப் என்று நூற்றுக்கணக்கான வகைகளைத் தேடித் தரும்.

எழுத்து மட்டும் ஓடும் அதன் கறுப்புத் திரை பிடிக்காதவர்களுக்கு அதே ஃபோல்டரில் க்யூஃபோட்டோரெக் இருக்கிறது, மவுஸிலேயே வேலை முடியும். வேண்டிய வகையை மட்டும் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் கண்ட குப்பையும் வந்து குவியும். அப்புறம், மீட்டதை வேறு டிரைவில் சேமியுங்கள்.

எரிச்சல் எங்கே என்றால், பழைய பெயர், ஃபோல்டர் எதுவும் பெரும்பாலும் திரும்ப வராது. டிரைவில் கெட்டுப்போன ஃபைல் பட்டியலை நம்பாமல் ஃபைலின் தொடக்க அடையாளத்தை வைத்து (பிஎஸ்டி என்றால் '8பிபிஎஸ்') தேடுவதால், எஃப் போட்டு நீளமாக ஒரு எண், அவ்வளவுதான் பெயர். கல்யாணப் பத்திரிகையில் 'ஃபைனல்' எது, 'ஃபைனல் புதுசு' எது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும், பொறுமை இல்லாதவர்கள் பக்கத்திலேயே வராதீர்கள்.

பெரிய ஃபிளெக்ஸ் பிஎஸ்டிகளில் இன்னொரு சிக்கல். டிரைவில் துண்டு துண்டாகக் கிடந்த ஃபைலை இது சரியாகக் கோர்க்காது. முன்தோற்றப் படம் ஃபைலின் முன்பகுதியிலேயே இருப்பதால் அது மட்டும் பளிச்சென்று தெரியும், அதைப் பார்த்து வாடிக்கையாளரிடம் 'கிடைச்சிடுச்சு' என்று சொல்லிவிடாதீர்கள், திறந்து லேயர்களைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

கெட்ட ஃபைலை இது ரிப்பேர் செய்யாது, தோண்டி எடுப்பது மட்டும்தான் இதன் வேலை. கோரல்டிரா எக்ஸ்4 முதல் வந்த பதிப்புகளில் சேமித்த சிடிஆர் (கோரல்டிரா ஃபைல்) திறக்கவில்லை என்றால் ஒரு நகல் எடுத்து .ஜிப் என்று பெயர் மாற்றிப் பிரித்துப் பாருங்கள், உள்ளே சின்ன முன்தோற்றப் படமாவது கிடைக்கும், புதிதாக வரைய அது போதும். 'பிடிஎஃப் கம்பாட்டிபிள்' என்ற தேர்வோடு சேமித்த இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல் என்றால் .பிடிஎஃப் என்று மாற்றினாலே பல நேரம் திறந்துவிடும்.

காசு கேட்கும் ரிப்பேர் சாஃப்ட்வேர்களும் இருக்கின்றன. ட்ரையலில் உங்கள் ஃபைலே முழுதாகத் தெரிந்தால் ஒழிய பேங்க் கார்டை வெளியே எடுக்காதீர்கள்.